பதிவேட்டில் 19: ஒரு பதின்பருவப் பிரசவம், ஒரு நிகழ்வு ஆய்வு

இரவு 2.40க்கு அவள் பிரசவப் பிரிவுக்குள் நடந்தேதான் வந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி, சாயங்காலத்திலிருந்து இரண்டு தடவை வாந்தி. கண்ணுக்கு முன்னால் ஏதோ மின்னுகிறது என்றாள். கூட வந்த அம்மா, “பித்தம் டாக்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்” என்றார். வயிறு தெரியாத அளவுக்குத் தொளதொளவென்று சட்டை. பதிவுச் சீட்டில் வயது 19 என்றும், முந்தைய பரிசோதனைகள் என்ற இடத்தில் ஒரு கோடும் இருந்தன.

(அவளும் வீட்டாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.)

ரத்த அழுத்தம் 164/112. பதினைந்து நிமிடம் கழித்து 166/110. முகமும் விரல்களும் வீங்கியிருந்தன. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். கர்ப்பப்பையின் உயரம் 29 செ.மீ., குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 148. ரத்தம் எடுப்பதற்காகச் சிஸ்டர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபோது அவள் பதில் சொல்வதை நிறுத்தினாள். கண் ஒரு பக்கமாக நிலைத்தது, வாயோரம் துடித்தது. அடுத்த நொடி உடம்பு முழுக்க வில்லாக வளைந்தது. வலிப்பு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு அது எவ்வளவு நேரமாகத் தோன்றியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எக்லாம்ப்சியாவில், அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில், செய்ய வேண்டியதை எல்லோருக்கும் கை மறக்காத அளவுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்தோம். மெக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம் ரத்தநாளம் வழியாக மெதுவாகப் போனது. பிறகு இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம். அழுத்தத்துக்கு லேபெட்டலால் 20 மி.கி., அது போதாமல் 40. மெக்னீசியம் ஓடும்வரை முட்டி ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதா, மூச்சு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வருகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் தலைமாட்டிலேயே இருந்தது, எடுக்க வேண்டி வரவில்லை. இரண்டாவது வலிப்பும் வரவில்லை. முடிவுகள் வந்தன: ஹீமோகுளோபின் 8.1, பிளேட்லெட் 1,12,000, கல்லீரல் நொதிகள் லேசாக ஏறியிருந்தன, கிரியாட்டினின் 0.8.

எக்லாம்ப்சியா வந்துவிட்டால் வாரக் கணக்குப் பார்த்துக் காத்திருப்பதில்லை. தாயை நிலைப்படுத்தியதும் பிரசவத்துக்குப் போக வேண்டும். ஆனால் குழந்தைக்கு நுரையீரல் ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அதே வாரக் கணக்கு தேவைப்பட்டது. எங்களிடம் அது இல்லை.

தேதி இல்லாத கர்ப்பம்

கடைசி மாதவிடாய் எப்போது என்றதற்கு அம்மா ஒரு தேதி சொன்னார். வலிப்புக்குப் பிந்தைய மயக்கம் தெளிந்ததும் சிஸ்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “பாப்பா, இப்ப நாம ரெண்டு பேர்தான். அம்மா சொன்ன தேதி சரியா?”

தலையை ஆட்டினாள், இல்லை என்பதாக. பிறகு, “சிஸ்டர், எனக்கு 19 இல்ல. 16.”

மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. வயதுக்கு வந்தது பதின்மூன்றரையில். மாதவிடாய் ஒழுங்காக வந்ததே கிடையாது. இரண்டு மாதம் வராமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. அதனால் வராதபோது பயப்படவுமில்லை. வயிற்றுக்குள் ஏதோ புரண்ட அன்றுதான் தெரியும். வீட்டில் தெரிந்தது, இங்கே வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால். கடைசி மாதவிடாய் ஒரு பரீட்சைக்கு முந்தின வாரம் என்று மட்டும் நினைவிருந்தது. அந்தப் பரீட்சையின் தேதியைப் பிடித்துக் கணக்குப் போட்டால் 34 வாரம் வந்தது. ஸ்கேன் 32 என்றது. கர்ப்பப்பையின் உயரத்தை அளந்த டேப், ஒரு செ.மீ.க்கு ஒரு வாரம் என்ற கணக்கில், 29 என்றது.

இதில் எதை நம்புவது? கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் சில நாள் வித்தியாசத்துக்குள் தேதி சொல்லிவிடும். கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால் மூன்று வாரம் முன்பின் ஆகலாம். குழந்தை சிறியதாக இருப்பது வயது குறைவு என்பதாலா, வளர்ச்சி குன்றியதாலா என்று அந்த ஸ்கேனால் பிரித்துச் சொல்ல முடியாது. தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டத்துக்குத் தடை கூடியிருந்தது, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. உத்தேச எடை 1500 கிராம்.

அந்த நுரையீரல் ஊசி, அதாவது குறைப்பிரசவத்தில் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு, 34 வாரத்துக்குள் பலன் தரும் என்பது உறுதியான விஷயம். அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று, கர்ப்பகாலம் சரியாகக் கணிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. எங்கள் நிலைமையில் அந்த நிபந்தனையை வாசித்துச் சிரிக்கத்தான் முடியும். 32 முதல் 34 வரை என்று எடுத்துக்கொண்டு அந்த ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் 6 மி.கி. போட்டோம். நான்கு டோஸ் போக வேண்டும், ஒன்றுதான் போனது. கர்ப்பப்பை வாய் மிருதுவாகி 3 செ.மீ. திறந்திருந்தது, பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் தொடங்கிய ஒன்பது மணி நேரத்தில் சுகப்பிரசவமாகவே பிறந்துவிட்டது.

பெண் குழந்தை, 1580 கிராம். துடைத்துத் தட்டியதும் அழுதது. பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் 6, பிறகு 8. நஞ்சுக்கொடி சிறியது, ஓரத்தில் இரண்டு இடத்தில் வெளுத்துக் கெட்டியாகியிருந்தது. ரத்தப்போக்கு சுமார் 450 மி.லி. வேறொரு பெண்ணுக்கு இது பெரிய விஷயமில்லை, ஹீமோகுளோபின் 8.1இல் ஆரம்பித்தவளுக்குப் பெரிது. மறுநாள் காலை 6.6. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். பிரசவ ட்ரேயில் வழக்கமாக இருக்கும், ரத்தப்போக்கை நிறுத்தும் ஆனால் அழுத்தத்தை ஏற்றும் மெத்தர்ஜினைச் சிஸ்டர் முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்திருந்தார். ரத்த அழுத்தம் ஏறியிருப்பவருக்குப் பதற்றத்தில் யாராவது அதைப் போட்டுவிடக் கூடாது என்று. இப்படிச் செய்பவர்களைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரி இருக்காது.

பிறந்த குழந்தையின் தோலையும் அசைவுகளையும் பார்த்து வாரம் கணிக்கும் பல்லார்டு மதிப்பீட்டில் குழந்தை 33 வாரம். அதிலும் இரண்டு வாரம் முன்பின் இருக்கலாம். 33 என்றால் 1580 கிராம், வயதுக்கேற்ற எடையின் கீழ்ப்பகுதியில் எப்படியோ நின்றுவிடுகிறது. 35 என்றால் பத்தாம் சதமானத்துக்குக் கீழே, அதாவது நூற்றில் மிகச் சிறிய பத்துக்குள், விழுந்து ‘வளர்ச்சி குன்றிய குழந்தை’ ஆகிவிடுகிறது. ஒரே குழந்தை, ஒரே எடை. இளம் தாய்மார்களின் குழந்தைகளில் எத்தனை குறைப்பிரசவம், எத்தனை வளர்ச்சிக் குறைவு என்று பிரித்துத் தரும் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தேதிகளை யார் எப்படிக் கேட்டு எழுதினார்கள் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

வராமல் போன ஒரு நாள்

மூன்றாம் நாள்தான் அவள் இதைச் சொன்னாள். அசைவு தெரிந்த பிறகு, கிட்டத்தட்ட 20 வாரத்தில், தனியாக ஒரு கர்ப்பிணிப் பரிசோதனைப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். முறை வந்ததும் மேசையில் இருந்தவர், “கூட யாரு வந்திருக்கா? வீட்டுக்காரர் எங்க?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். “பை எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் டாக்டர். பை தோள்லதான் இருந்துச்சு.”

அன்று அவள் உள்ளே போயிருந்தால் எதெது மாறியிருக்கும் என்று நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். எல்லாமே தடுத்திருக்கலாம் என்று சொல்வது சுலபம், உண்மையில்லை. ப்ரீ-எக்லாம்ப்சியாவை, அதாவது வலிப்புக்கு முந்தைய ரத்த அழுத்த நோயை, தள்ளிப்போடும் குறைந்த அளவு ஆஸ்பிரின், நஞ்சுக்கொடி வேரூன்றும் காலத்தில், 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் தரும். 20இல் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. முதல் கர்ப்பம் என்பதே ஆபத்துக் காரணி, அதையும் மாற்ற முடியாது. ஆக நோய் வந்தே இருக்கலாம்.

ஆனால் 20 வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் தேதி கிடைத்திருக்கும், முன்பின் பத்து நாளுக்குள். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்திருந்தால் மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு. ரத்தம் ஏற்றத் தேவைப்பட்டிருக்காது. உணவில் கால்சியம் குறைவாக இருந்தால் கொடுக்கும் கால்சியமும் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும்விட, 28 அல்லது 30 வாரத்தில் ஒருவர் அவள் கையில் பிபி கருவியைச் சுற்றியிருப்பார். அழுத்தம் 140ஐத் தொட்ட அன்றே அவள் படுக்கையில் இருந்திருப்பாள். நான்கு டோஸ் ஸ்டீராய்டும் முழுதாகப் போயிருக்கும், மெக்னீசியம் வலிப்புக்கு முன்பே ஓடியிருக்கும். 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான மேக்பை ஆய்வு காட்டியது இதைத்தான்: ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ளவருக்கு மெக்னீசியம் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது. மருந்து மலிவானது, பழையது, எங்கும் கிடைப்பது. அவள் அதன் பக்கத்தில் வராமல் போனதுதான் பிரச்சினை.

கேஸ் ஷீட்டில் ஜூனியர் டாக்டர் ‘காரணம்: பதின்பருவக் கர்ப்பம்’ என்று எழுதியிருந்தார். அதை நான் அடித்தேன். அது அவளுடைய வயது, நோயறிதல் அல்ல. அவர் விடவில்லை. “வயசே காரணம் இல்லைன்னு சொல்ல முடியுமா மேடம்?” நியாயமான கேள்வி.

வயதா, வாரங்களா?

வயது மட்டுமே காரணமா, அல்லது வறுமை, மறைப்பு, பரிசோதனைக்கு வராமை எல்லாம் வயதின் பெயரில் வருகின்றனவா என்பது பழைய சண்டை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 13 முதல் 24 வயதுக்குட்பட்ட 1,34,088 வெள்ளைப் பெண்களின் முதல் பிரசவங்களை எடுத்து 1995இல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் திருமணமாகி, வயதுக்கேற்ற படிப்பும் முறையான கர்ப்பகாலப் பரிசோதனையும் பெற்ற பெண்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அப்படியும் 13–17 வயதினருக்குக் குறைப்பிரசவம் 20–24 வயதினரைப் போல 1.9 மடங்கு, எடை குறைந்த குழந்தை 1.7 மடங்கு. ஆக வயதுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜூனியருக்கு அந்த அரை மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு விளக்கம் எனக்குப் பிடிக்கும். வயதுக்கு வந்து இரண்டு, மூன்று ஆண்டுக்குள் கருத்தரிக்கும் பெண் இன்னும் தானே வளர்ந்துகொண்டிருப்பாள். நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் நடந்த ஆய்வுகளில், கர்ப்பத்தின்போதும் வளர்ந்துகொண்டிருந்த பெண்களின் குழந்தைகள், வளர்ச்சி முடிந்த பெண்களின் குழந்தைகளைவிட ஏறக்குறைய 150 கிராம் எடை குறைவாகப் பிறந்தார்கள். தாய்மார்களோ போதுமான அளவு எடை கூடியிருந்தார்கள். ஒரே உடம்புக்குள் இரண்டு பேர் வளர, தாயின் உடம்பு தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. பெரியவர்களின் கர்ப்பத்தில் நாம் பார்த்துப் பழகிய தியாகக் கதைக்கு இது நேர்மாறு. இந்தப் பெண்ணுக்கு வயதுக்கு வந்து இரண்டு ஆண்டுக்குச் சற்று மேலே ஆனபோது கரு உண்டாகியிருக்கிறது. பரீட்சைத் தேதியை நம்பினால்.

ஆனால் என் பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு 29 நாடுகளின் மருத்துவமனைகளில் 24 வயதுக்குட்பட்ட 1,24,446 தாய்மார்களைப் பார்த்தது. முடிவுகள் 2014இல் வந்தன. 20–24 வயதினரைவிடப் பதின்பருவத் தாய்மார்களுக்கு எக்லாம்ப்சியா, பிரசவத்துக்குப் பிந்தைய கர்ப்பப்பைத் தொற்று, உடல் முழுதும் பரவும் தொற்று ஆகியவை அதிகம். குழந்தைகளுக்குக் குறைப்பிரசவமும் குறைந்த எடையும் அதிகம். இவை எல்லோரும் மேற்கோள் காட்டுபவை. அதே ஆய்வில் இன்னொரு கண்டறிதல் உண்டு: 26–34 வாரத்தில் பிரசவிக்கும் தாய்க்குப் போட வேண்டிய ஸ்டீராய்டும், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசியும் பதின்பருவத் தாய்மார்களுக்குக் குறைவாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றன. மருத்துவமனைக்குள் வந்து படுத்த பிறகும்! இதற்கு இடுப்பெலும்பின் மேல் பழி போட முடியாது.

இடுப்பெலும்பு என்றதும் ஒன்று. ‘சின்னப் பெண், வழி சிறிது, சிசேரியன்தான்’ என்று அந்த இரவில் ஒருவர் சொன்னார். உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் விரிந்துகொண்டிருக்கும் என்பது சரி. 15க்குக் கீழே, நிறைமாதக் குழந்தையோடு, உதவி இல்லாத இடத்தில் அது உயிரைப் பறிக்கும், சிறுநீர் தானாக ஒழுகும் ஃபிஸ்துலா என்ற துளையில் கொண்டுபோய்விடும். 16 வயதில், 1500 கிராம் குழந்தைக்கு அந்தப் பேச்சே எழவில்லை. பொதுவான ஆபத்தைக் குறிப்பிட்ட பெண்ணின் மேல் அப்படியே போர்த்திவிடும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

விகிதத்துக்குள் யார் யார்?

உலக அளவில் 15–19 வயதுப் பெண்கள் 1000 பேருக்கு 2000ஆம் ஆண்டில் 64.5 பிறப்புகள் இருந்தன. 2023இல் அது 41.3. நல்ல இறக்கம்தான். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அதே ஆண்டில் 97.9, லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியனிலும் 51.4. 10–14 வயதில் உலக அளவில் 1.5.

இது பிறப்பு விகிதம். கர்ப்ப விகிதம் அல்ல. கருச்சிதைவு, கருக்கலைப்பு, இறந்து பிறத்தல் எதுவும் இதில் இல்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 2019 கணக்குப்படி ஆண்டுக்கு 2.1 கோடிப் பதின்பருவக் கர்ப்பங்கள். அதில் ஏறத்தாழப் பாதி திட்டமிடாதவை. பிறப்பில் முடிந்தவை 1.2 கோடி. நடுவில் காணாமல் போகும் 90 லட்சம் கர்ப்பங்கள் பிறப்பு விகிதத்தின் கண்ணில் படவே படாது. இன்னொன்று, 15–19 என்ற ஒரே பெட்டிக்குள் 19 வயதில் விரும்பிப் பெற்ற பெண்ணும், 15இல் பயந்து மறைத்த பெண்ணும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஆபத்தோ வயது 15க்கும் கீழே போகப் போக ஏறி, 18, 19இல் பெரியவர்களை நெருங்கிவிடுகிறது. சராசரி எடுத்தால் இருவருக்கும் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும்.

வார்டில் 24 நாள்

குழந்தை 30 மணி நேரம் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியில் இருந்தது. மஞ்சள் காமாலைக்கு இரண்டு நாள் நீல விளக்கு. எடை ஐந்தாம் நாள் 1460 வரை இறங்கியது. முதல் இரண்டு நாள் தாய்க்கு மெக்னீசியம், ரத்தம் என்று ஓடியதால் கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது பாட்டிதான். பித்தம் என்று சொன்ன அதே அம்மா. சட்டைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்கிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மகளின் முறை. “உடைஞ்சிடாதா சிஸ்டர்?” என்று கேட்டவள், அரை மணி நேரத்தில் ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தாங்கிக்கொண்டே தூங்கிவிட்டாள். கங்காரு பராமரிப்பு 1978இல் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு வார்டில் தொடங்கியது. 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே அதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று ஐந்து நாடுகளின் ஆய்வு 2021இல் காட்டியது. இந்தத் தாய்க்கு அதனால் கிடைத்த பலன் எந்த அளவுகோலிலும் வராது. அதுவரை எல்லோரும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் ஒரு வேலையை நம்பி அவளிடம் கொடுத்தோம்.

குழந்தையின் தந்தை அவளைவிட ஒரு வயது மூத்தவன். வற்புறுத்தலோ மிரட்டலோ இருந்ததா என்று வெவ்வேறு நாளில் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டோம். இல்லை என்றாள். சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடத்துக்கு, அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டே தெரிவித்தோம்.

அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது இடைவெளி வேண்டும். ‘இந்தப் பெண்ணுக்கு இப்பவே ஏன் அதெல்லாம்?’ என்று தயங்குவதில்தான் ஓராண்டுக்குள் இரண்டாவது கர்ப்பத்தோடு வருகிறார்கள். தாய்ப்பால் கொடுப்பதாலும் அழுத்தம் இன்னும் இறங்காததாலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது. கைத்தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட், காப்பர் டி, எதுவும் வேண்டாம் என்ற வழி, மூன்றையும் விளக்கினோம். இம்ப்ளான்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டில் பேசிவிட்டு, வீடு திரும்பும் நாளன்று வைத்துக்கொண்டாள்.

24ஆம் நாள் குழந்தை 1900 கிராம். தாயின் அழுத்தம் நிஃபெடிபின் என்ற அழுத்த மாத்திரையுடன் 130/84. ஆறாவது வாரம் வந்தபோது மாத்திரை இல்லாமலே 118/76, ஹீமோகுளோபின் 10.9. ஆனால் எண் கூடினால் சோர்வு கூடுதல் என்று காட்டும் எடின்பரோ மனச்சோர்வு வினாத்தாளில் 14. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு இல்லை என்று குறித்திருந்தாள். வாரம் ஒரு முறை மனநல ஆலோசகரிடம் வரவைத்தோம். நான்கு முறை வந்தாள், ஒரு முறை வரவில்லை, பிறகு மறுபடி வந்தாள். மூன்றாம் மாதம் 7.

ஐந்தாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே தனியாக வந்தாள். பள்ளியில் திரும்பச் சேர்வதற்கு மருத்துவச் சான்று கேட்டிருக்கிறார்கள். வீடு திரும்பும்போது நாங்கள் கொடுத்த அட்டையில் வயது 19 என்றிருக்கிறது, பள்ளிப் பதிவில் 16. ஒத்துவரவில்லை. கேஸ் ஷீட்டில் திருத்தியிருந்தோம், அட்டையை எழுதியவர் பழைய பதிவுச் சீட்டைப் பார்த்து எழுதிவிட்டார். 19ஐ அடித்து 16 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு பிரசவ அறைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் 19தான். அந்த மாத அறிக்கை எப்போதோ மேலே போய்விட்டது.